பட்டிக்கு வெளியே

ஆகஸ்ட் 14

ஆடுகள் வந்து இறங்கிவிட்டன. பதினெட்டுப் பெட்டை, ஒரு கிடா. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுகள். வெற்றிலை போட்டவர்கள் சுற்றி நின்று துப்பிய மாதிரி இருக்கிறது. வேம்பூர் ரகம். இங்கே பொட்டு ஆடு என்பார்கள். கூடலிங்கத்தின் லோடு ஆட்டோவில் மூன்று நடை. கடைசி நடையில் ஒன்று என் மடியிலேயே மூத்திரம் பெய்தது.

கூடலிங்கம் என் புருஷன். நேரில் மாமா என்று கூப்பிடுகிறேன். இங்கே பேரைத்தான் எழுதுவேன்.

மூன்று வருடம் நூற்பு மில்லில் நின்று நான் சேர்த்த பணம் அத்தனையும் இப்போது வலைக்குள் நின்று கத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றரை ஏக்கர் கரிசல், வானம் பார்த்தது. உளுந்து போட்டு மூன்று தடவை தோற்றாயிற்று. இந்த ரகம் அரை வயிற்றோடு ஐந்து மைல் நடக்கும் என்று நான்தான் கூடலிங்கத்திடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

“பொங்கல் வரைக்கும் பாப்போம். ஆடு நின்னா நீயும் வீட்ல நில்லு. நிக்கலன்னா மறுபடி மில்லுக்குப் போயிரணும். அப்புறம் அழப்படாது.”

சரி என்றேன்.

அத்தை பட்டி வாசலில் வேப்பங்குழை செருகிச் சூடம் காட்டினாள். “இன்னையிலேருந்து இங்கன சாமி நிக்குது. தூரமானா இந்த வாசலத் தாண்டப்படாது. இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“அப்ப பெட்டை ஆட்டுக்கெல்லாம் யாரு சொல்றது அத்த?” என்று கேட்டேன்.

கூடலிங்கம் சிரித்தான். அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் 17

பின்னால் நின்று குச்சியால் விரட்டினால் போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்து என்னையே நடுவில் நிறுத்திவிட்டன. களத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“ஏத்தா அழகுத்தாயி, மில்லுல மிசினுக்குப் பின்னால நின்னியா முன்னால நின்னியா?”

முன்னால் நடந்து பார்த்தேன். காது கிழிந்த பெட்டை ஒன்று என்னைப் பார்த்தது. பிறகு நடந்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன.

ஆகஸ்ட் 21

குளம்பு வெட்டினேன். கையையும் வெட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30

காரில் ஒருவர் வந்தார். நாட்டு ரகங்களைக் காப்பாற்றுகிறாராம், செல்போனில்தான். கிடாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். வேலை செய்கிற பொம்பளை படத்தில் வேண்டாமா என்று கேட்டேன். “நீங்க பேக்ரவுண்டுல நடங்க சிஸ்டர், இயற்கையா இருக்கும்” என்றார். நடந்தேன். போகும்போது கூடலிங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்: “நாட்டு ஆட்டுக்கு நோயே வராது பிரதர். ஊசி மருந்தெல்லாம் சீமை ரகத்துக்குத்தான்.”

கூடலிங்கம் அதைப் பத்துப் பேரிடம் திருப்பிச் சொன்னான். கார் வைத்திருப்பவன் சொன்னால் அதற்கு ஒரு எடை வந்துவிடுகிறது.

செப்டம்பர் 6

எனக்குத் தூரம். வீட்டை ஒட்டிய சாய்ப்பில் பாய். தனித் தட்டு, தனி டம்ளர். சாய்ப்பிலிருந்து பார்த்தால் பட்டி தெரியும்.

காலையில் ஒரு பெட்டை குட்டி போட ஆரம்பித்தது. தலைச்சன். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்கிறது. கூடலிங்கம் பார்த்தான். வெளுத்துப்போனான். ஆட்டோவில் மாடு அடிபட்டாலே ஒரு வாரம் சாப்பிடமாட்டான்.

அத்தை பட்டிக்குள் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது தலையை நீட்டிப் படுத்துவிட்டது. கத்தக்கூட இல்லை.

உள்ளே போனேன். அத்தை என்னவெல்லாமோ கத்தினாள். காதில் விழவில்லை. சோப்பு போட்டுக் கையை உள்ளே விட்டேன். குட்டியைப் பின்னுக்குத் தள்ளி மடங்கின காலைப் பிடித்து நேராக்கி, ஆடு முக்கும்போது மட்டும் இழுத்தேன். மில்லில் ஓடுகிற நூற்புக் கதிரில் அறுந்த நூலை எடுத்துக் கட்டிய விரல்கள். கண்ணை மூடிக்கொண்டே செய்யும்.

குட்டி உயிரோடு வந்தது. தாயும் பிழைத்தது.

செப்டம்பர் 7

நேற்று முழுக்க அத்தை சாப்பிடவில்லை. இன்று வீதியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். “ரத்தத்தோட போயிச் சாமி வாசல்ல நிக்கா! எங்குடி விளங்குமா?”

“அந்த ஆடும் ரத்தத்தோடதான் கெடந்துச்சு” என்றேன்.

“அது வாயில்லாச் சீவன். ஒனக்கு வாயி இருக்குல்ல? அதான் வாயி வயிறு ரெண்டும் ஒண்ணா இருக்கு, ஒண்ணும் தங்க மாட்டேங்குது.”

கல்யாணமாகி ஒன்றரை வருடம். இதை எப்போது சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறாள்.

மில்லில் தூரம் என்று சொன்னால் வெளியே அனுப்பமாட்டார்கள். சூப்பர்வைசர் மேசையில் மாத்திரை இருக்கும். தாளைக் கிழித்து எடுத்துவிட்டு உள்ளங்கையில் வைப்பார். பேர் கேட்டால், “வலி நிக்கணுமா, பேரு வேணுமா?” என்பார். ஷிப்டு முடியும் வரை நிற்கலாம். மூன்று வருடம் அதைத் தின்றேன். அங்கே உள்ளே நிற்கவைத்தார்கள், இங்கே வெளியே உட்காரவைக்கிறார்கள். எனக்கு வலிக்கிறதா என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9

பட்டியைச் சுற்றி மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். சேவல் அறுத்தார்கள். சேவல் கறி நன்றாக இருந்தது.

கூடலிங்கம் தனியாகக் கூப்பிட்டான். “ஏ பிள்ள, நான் நம்பல இதையெல்லாம். ஆனா அம்மா சாப்பிடாமக் கெடக்கு. இனிமே போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. எனக்காவ.”

“ஆடு செத்தா?”

“அப்பப் பாப்போம்.”

சொன்னேன். களைப்பாக இருந்தது.

அக்டோபர் 4

இன்றைக்குப் பார்த்து மறுபடி தூரம்.

விடிந்ததும் கால்நடை ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. நீலநாக்கு நோய்க்குத் தடுப்பூசி. மழைக்கு முன்னால் போடவேண்டும். சின்ன வயது டாக்டரம்மாவும் ஒரு உதவியாளும் வந்தார்கள். கூடலிங்கம் லோடு ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டான்.

“ஆட்டைப் பிடிச்சுக் குடுங்கம்மா. மருந்த உடைச்சாச்சு, ரொம்ப நேரம் தாங்காது.”

அத்தைக்கு முழங்காலில் நீர். ஒரு ஆட்டைப் பிடிக்கப் போய் விழுந்தாள். நான் பட்டி வாசல் முள்தட்டிக்கு வெளியே நின்றேன். “நான் பிடிக்கிறேன் அத்த” என்றேன். அவள் தரையில் உட்கார்ந்தபடியே, “அடியே, எம்மேல சத்தியம், காலு வைக்காத” என்றாள்.

“டாக்டரம்மா உள்ள வராங்களே, அவங்களுக்குத் தூரம் வராதா?”

“அவுக படிச்சவுக.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பா கோபமா தெரியவில்லை. “அக்கா, நீங்களாவது வாங்க” என்று என்னைப் பார்த்தார். கூடலிங்கத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உதவியாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துத் தெருக் குருசாமி அண்ணன் பட்டியில் நாற்பது ஆட்டைப் பிடித்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

ஜீப் போய்விட்டது.

வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால்தான் போகவில்லை.

அக்டோபர் 7

தூரம் கழிந்து குளித்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த சரக்கு வந்தால் சொல்லி அனுப்புவார்களாம். கூடலிங்கத்திடம் சொன்னேன். “நாட்டு ஆடுதான, அதுக்கென்ன?” என்றான். அந்தக் கார்க்காரர் நம் வீட்டில்தான் குடியிருக்கிறார் போல.

அக்டோபர் 22

மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண். பட்டியை மேட்டுக்கு மாற்றினேன். மாற்றினதும் இங்கேயும் தண்ணீர் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஆட்டின் மூக்கைச் சுற்றிப் பறக்கிறது. வேப்பிலை மூட்டம் போட்டேன். ஈர விறகு. எனக்குத்தான் கண் எரிந்தது.

அக்டோபர் 29

மழை. மேய்ச்சல் இல்லை. கருவேல நெற்றும் உளுந்தங்கொடியும். ஆடுகள் முணுமுணுக்காமல் தின்கின்றன. இந்த ரகத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் உண்மைதான்.

பூபாலன் வந்துபோனதாகக் களத்தில் சொன்னார்கள். மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன். “பழைய கை” என்றால் அவனுக்குக் கூடுதல் கமிஷன். கூடலிங்கத்திடம் கேட்டேன். “ஆரு? பூபாலனா? டீ குடிச்சோம், அம்புட்டுதான்” என்றான்.

நவம்பர் 2

சாய்ப்பில்தான் இருக்கிறேன். கிடாவின் உதடு வீங்கியிருக்கிற மாதிரி இங்கிருந்து தெரிகிறது. அத்தையிடம் கேட்டேன். குளவி கொட்டியிருக்கும் என்றாள்.

நவம்பர் 4

இன்று குளித்துவிட்டு உள்ளே போனேன். குளவி இல்லை. நாலு ஆட்டுக்குக் காய்ச்சல். மூக்கில் சளி காய்ந்து அடைத்திருக்கிறது. கிடாவின் வாயைத் திறந்தேன். நாக்கு வீங்கி, நாவல் பழம் தின்ற மாதிரி.

நவம்பர் 5

டாக்டரம்மா நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் வந்தார். காய்ச்சலுக்கு ஊசி போட்டார். நீலநாக்குதான், பூச்சி கடித்துப் பரவுவது, இதற்கு மருந்து கிடையாது, தாங்குகிறது தாங்கும் என்றார். கேப்பைக்கூழ் கரைத்து ஊற்றச் சொன்னார். வாய்ப்புண்ணைக் கழுவச் சொன்னார். “அன்னைக்கு மட்டும்…” என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். நல்ல பெண். நானாக இருந்தால் சொல்லித் தீர்த்திருப்பேன்.

நவம்பர் 6

கிடா செத்துவிட்டது.

நவம்பர் 9

மூன்று. ஒன்று வயிற்றில் இருந்ததை முதலில் வெளியே தள்ளிவிட்டுப் பிறகு செத்தது. முடி முளைக்காத குட்டி.

குழி வெட்டுகிறேன். ஈரக் கரிசல் மண்வெட்டியை விடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கையால் வழித்துப் போடவேண்டும். கூடலிங்கம் தூரத்தில் நின்று, “நான் வெட்டட்டுமா?” என்றான். வெட்டுங்கள் என்றேன். இரண்டு வெட்டு வெட்டினான். வாந்தி எடுத்தான்.

நவம்பர் 12

செப்டம்பரில் நான் இழுத்துப் போட்ட குட்டி. அதன் தாய் நேற்றே.

நவம்பர் 13

அத்தை வீதியில் நிற்கவில்லை. கத்தவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறாள், வந்து கேட்பவர்களுக்கெல்லாம். அது கத்துவதைவிட மோசம்.

“அவ தொட்ட குட்டியும் போச்சு, அதப் பெத்ததும் போச்சு. சாமி பேரு சொல்லிக் காட்டுது.”

நான் போய் முன்னால் நின்றேன். “ஊசி போடாததுனால சாகுது அத்த. குருசாமி அண்ணன் பட்டியில போட்டாங்க. அங்க ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல. நீங்க ஊசிய மறிச்சீங்க.”

“குருசாமி பொண்டாட்டி அந்த மூணு நாளு பட்டி இருக்க தெசையவே பாக்க மாட்டா. அதான் அங்கன ஒண்ணுமில்ல.”

வந்திருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வருடம் என் மில்லில் நின்றவள். அதே மாத்திரை தின்றவள். அவளும் ஆட்டினாள்.

எதைச் சொன்னாலும் அது அவள் பக்கம் போய் நிற்கிறது. சுவரில் முட்டினாலாவது வீங்கும்.

நவம்பர் 17

ஐந்து மிச்சம். காது கிழிந்ததும் அதில் ஒன்று. நொண்டுகிறது, ஆனால் தின்கிறது. சினையும் தங்கியிருக்கிறது.

நவம்பர் 20

கூடலிங்கம் சந்தையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றும் சின்னப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்தான். வாளி கூழ் கரைக்க என்றான். கூழ் கரைக்கிற வாளிக்கு மூடி எதற்கு? பூட்டு பட்டிக்காம். முள்தட்டிக்குப் பூட்டு. அவனுக்குச் சாமான் வாங்கத் தெரியாது.

வாளி நல்ல வாளி. நீலம்.

நவம்பர் 24

மழை விட்டது. வெயில். உதடு வீங்கின ஆடு எதுவும் இல்லை. ஐந்தும் மேய்கின்றன.

கூடலிங்கம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “பொங்கல் வரைக்கும்னு சொன்னேன்தான். ஆனா அஞ்சு ஆட்ட வச்சிக்கிட்டுப் பொங்கல் வரைக்கும் என்னத்தப் பாக்க? பூபாலன் வர்ற மூணாந்தேதி வண்டி அனுப்புறானாம். ஒரு வருசம்தான். அம்மாவுக்கும் மனசு ஆறும்.”

“ஒண்ணு இப்பவே சினை. மத்ததும் சினைக்கு வரும். அடுத்த வருசம் பத்தாகும்.”

“கிடா?”

“இரவல் வாங்கலாம்.”

“ஆரு குடுப்பா நம்ம பட்டிக்கு?”

‘நம்ம’ என்று சொன்னான். ‘உன்’ என்றுதான் அர்த்தம்.

நவம்பர் 25

துணி துவைத்தேன்.

நவம்பர் 30

கூடலிங்கம் கோவில்பட்டியில். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எனக்குக் காலையில்தான் தூரமானது. பாயைச் சாய்ப்பில் விரித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. நானே எடுத்துப் போனேன்.

காது கிழிந்த பெட்டை பட்டியின் ஓரத்துக்குப் போய்க் காலால் மண்ணைப் பறித்தது. படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது.

எழுந்து பட்டி வாசல் வரைக்கும் போனேன். வீதியில் ஆள் இல்லை. முள்தட்டி ஒரு கையால் தள்ளினால் திறக்கும்.

அது தலைச்சன் இல்லை. இரண்டு ஈத்துப் பார்த்தது. தானாகவே போட்டுவிடும் என்று தெரியும். அதனால் போகவில்லை. சோப்பும் தீர்ந்துபோயிருந்தது.

பனிக்குடம் வந்தது. ஆடு என்னைப் பார்த்தது. நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் ஒரு தடவை இதே மாதிரி நின்றபோது தடுக்க அத்தை இருந்தாள். அவளைத் திட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்குத் திட்ட ஆள் இல்லை. உள்ளே இருப்பது ஐந்தே ஐந்து. தொடாமல் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

இரண்டு குளம்பும் நேராக வந்தன. மூக்கு வந்தது. வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. தாய் நக்கியது. குட்டி தும்மியது. எழுந்து விழுந்து எழுந்து, மடியைத் தேடிக் கண்டுபிடித்தது.

அரிசிப் பையோடு அத்தை வந்தாள். வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். உள்ளே குட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் என்னைப் பார்த்து நெகிழ்ந்தது.

“பாத்தியா தாயி? நீ வெளிய நின்ன, அது கஷ்டமில்லாமப் பெத்துருச்சு. இம்புட்டுதான். இதுக்குத்தான அம்புட்டுக் கத்துக் கத்துனேன்.”

தொடக்கூடாத நாள் என்பதால் தொடவில்லை. தொட்டிருப்பாள். காபி போட்டுச் சாய்ப்பு வரைக்கும் கொண்டுவந்து வைத்தாள். சீனி சரியாக இருந்தது.

“பெட்டையா, கிடாவா?” என்று கேட்டேன்.

“பெட்டை.”

டிசம்பர் 3

வண்டி வந்தது. நீல வாளிக்குள் துணி, சோப்பு, சீப்பு. பூட்டும் அதோடு.

கூடலிங்கம் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். “சன்னல் பக்கம் உக்காரு, காத்து வரும்” என்றான்.

டிசம்பர் 15

ஹாஸ்டல். வாரத்துக்கு ஒரு தடவை போன். வார்டன் மேசையில் வைத்துப் பேசவேண்டும். பின்னால் வரிசை.

“அஞ்சும் நல்லா இருக்கு. குட்டி துள்ளுது” என்றான் கூடலிங்கம்.

“ஊசி வந்துச்சான்னு ஆஸ்பத்திரில கேட்டீங்களா மாமா?”

“அதுக்கென்ன அவசரம்? நோய்தான் போயிருச்சே. அம்மாகூடச் சொல்லிக்கிட்டு இருக்கு, நீ போனதுக்கப்புறம் ஒண்ணுகூடச் சாகலன்னு.”

மழை நின்றதால் பூச்சி செத்தது. பூச்சி செத்ததால் நோய் நின்றது. அடுத்த ஐப்பசியில் மழை வரும், பூச்சி வரும், ஊசி போடாவிட்டால் அந்தக் குட்டியும் சாகும். டாக்டரம்மா சொன்னது எல்லாமே நினைவு இருக்கிறது. வரிசையாகச் சொல்லலாம். வாயைத் திறந்தேன்.

“நல்லாப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனைக் கொடுத்தேன்.